தோற்ற ஆட்டமும் தோற்கக் கூடாத ஆட்டமும்

பந்து உருளுமிடத்தில் மொழிக்கு என்ன வேலை என்று வினவுவார் உளர். காலால் ஆடும் ஆட்டத்திற்கு நாவின் துணை எதற்கு என்பது அவர்தம் எள்ளல். ஆயின், ஒரு நாட்டின் பெயரைத் தாங்கிப் பதினொருவர் களத்தில் இறங்கும்போது, அந்நாட்டு மக்கள் தம்மை எந்தப் பெயரால் அழைத்துக் கொள்கின்றனர், எந்த மொழியில் தம் நெஞ்சைத் திறந்து பாடுகின்றனர் என்னும் வினாக்களும் உடன் இறங்கவே செய்கின்றன. 2022ஆம் ஆண்டில் கத்தார் நாட்டில் நடைபெற்ற உலகக் கோப்பைக் கால்பந்தாட்டத்திற்கு வேல்சு அணி சென்று மீண்ட வரலாறு இவ்வுண்மைக்கு நல்ல சான்று. அவ்வணி அங்கு ஓர் ஆட்டத்திலும் வெற்றி பெறவில்லை. எனினும் அது கொண்டுசென்ற மொழி உலகின் செவியில் விழுந்தது. அவ்வாறு விழுந்ததனால் அம்மொழி பிழைத்துவிட்டதா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

வேல்சு, பிரித்தானியத் தீவின் மேற்குப் பகுதியில் மலைகளும் பள்ளத்தாக்குகளும் நிறைந்த சிறு நாடு. 2021ஆம் ஆண்டுக் கணக்கின்படி அதன் மக்கள்தொகை ஏறத்தாழ 31 இலக்கம். அது தனியரசு உடைய நாடன்று. இலண்டன் பாராளுமன்றத்தின் ஆட்சிக்கு உட்பட்டது. ஆயினும் கால்பந்தாட்டக் களத்தில் மட்டும் அது தனிநாடு. உலகக் கால்பந்துக் கூட்டமைப்பு 1904ஆம் ஆண்டில் தோன்றுதற்கு 28 ஆண்டுகள் முன்னரே, 1876ஆம் ஆண்டில், வேல்சு மக்கள் தமக்கெனக் கால்பந்துக் கழகம் அமைத்துக் கொண்டனர். இங்கிலாந்து, இசுக்கொத்துலாந்து ஆகியவற்றின் கழகங்களுக்கு அடுத்து, உலகிலேயே மூன்றாவது பழைமை வாய்ந்தது அக்கழகம். ஆகலின், அரசியலில் கிட்டாத தனித்தன்மை ஆடுகளத்தில் அவர்க்கு வாய்த்தது. ஒரு சிறு வாயில் திறந்திருப்பினும் அதனூடே ஓர் இனம் தன் முகத்தை உலகிற்குக் காட்டவியலும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

இனி, வேல்சு என்னும் பெயரே அந்நாட்டார் தமக்கு இட்டுக்கொண்ட பெயரன்று. பண்டை ஆங்கிலேயர் தம்மினத்தார் அல்லாதாரை 'அயலார்' என்னும் பொருளில் அழைத்த சொல்லினின்று பிறந்தது அது. வழிவழியாக வாழ்ந்து வந்த மண்ணின் மக்களைப் பின்னர் வந்து குடியேறியவர் அயலார் என்றனர்; அதுவே உலக வழக்காகவும் நிலைத்துவிட்டது! அம்மக்களோ தம் நாட்டைக் 'கும்ரி' என்பர். உடன்நாட்டார், ஒரே மண்ணினர் என்பது அதன் வேர்ப்பொருள். ஒரே நாட்டிற்கு இரு பெயர்கள். ஒன்று அயன்மை கூறுவது, மற்றொன்று உறவு கூறுவது. எப்பெயரை ஏற்பது என்பது வெறும் சொல்வழக்குப் பற்றிய வினாவன்று. தன்னைப் பிறர் கண்ணால் காண்பதா, தன் கண்ணால் காண்பதா என்னும் வினா. அவர்தம் கால்பந்துக் கழகம் அண்மை ஆண்டுகளில் தன் பணிகள் அனைத்திலும் 'கும்ரி' என்னும் பெயரை முன்னிறுத்தி வருதல் இதனாலேயே. எனினும் கத்தார் நாட்டுப் பட்டியல்களில் அவ்வணி 'வேல்சு' என்றே குறிக்கப்பெற்றது.

இம்மக்களின் மொழி எத்தகைய இடர்களைக் கடந்து வந்தது என்பதை அறிந்தாலன்றி, ஆடுகளத்தில் அஃது ஒலித்ததன் அருமை விளங்காது. இங்கிலாந்து வேந்தன் எட்டாம் என்றியின் காலத்தில், 1536ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம், வேல்சு நாட்டு வழக்குமன்றங்களில் ஆங்கிலமே வழங்குதல் வேண்டும் என்றும், ஆங்கிலம் அறியாதார் அரசுப்பணி வகித்தல் கூடாது என்றும் விதித்தது. தாய்மொழி மட்டும் அறிந்தவன் தன் நாட்டிலேயே தன் வழக்கைத் தன் வாயால் உரைக்கவியலாதவன் ஆனான். 1588ஆம் ஆண்டில் வில்லியம் மார்கன் என்பார் விவிலியம் முழுவதையும் வேல்சு மொழியில் பெயர்த்தளித்தமையால், வழக்குமன்றத்தினின்று துரத்தப்பெற்ற அம்மொழி வழிபாட்டு மனையில் புகலடைந்து உயிர் பிழைத்தது. 1847ஆம் ஆண்டில், வேல்சு மொழி அறியாத மூன்று ஆங்கிலேயர் அந்நாட்டுக் கல்விநிலையை ஆய்ந்து அரசிற்கு அளித்த அறிக்கை, அம்மொழியையே மக்கள் முன்னேற்றத்திற்குத் தடையென்று பழித்தது. நீல அட்டையிட்டு வெளிவந்த அவ்வறிக்கையை வேல்சு மக்கள் இன்றளவும் 'நீலநூல்களின் இரண்டகம்' என்றே குறிப்பர்.

அந்நூற்றாண்டில் பள்ளிகள் பலவற்றில் வழங்கிய கொடிய வழக்கம் ஒன்றுண்டு. தாய்மொழியில் பேசிய பிள்ளையின் கழுத்தில் ஒரு சிறு மரப்பலகை கட்டித் தொங்கவிடப்படும். வேறொரு பிள்ளை அவ்வாறு பேசினால் பலகை அப்பிள்ளையின் கழுத்திற்கு மாறும். பள்ளி முடியும்போது பலகை எவர் கழுத்தில் உள்ளதோ அவர்க்கு அடி. தாய்மொழி பேசிய குற்றத்திற்குப் பிள்ளைகளே பிள்ளைகளைக் காட்டிக் கொடுக்கும் ஏற்பாடு! லானுவக்லின் என்னும் சிற்றூரில் அவ்வாறு பலகை சுமந்த சிறுவருள் ஒருவர் ஓவன் எட்வர்ட்சு. அவர் பின்னாளில் வேல்சு நாட்டுப் பள்ளிகளுக்குத் தலைமை ஆய்வாளராக உயர்ந்தார். அவர் குடும்பத்தைப் பற்றிய செய்தி பின்னர் வரும்.

வேல்சு அணி முதன்முதலில் உலகக் கோப்பையில் ஆடியது 1958ஆம் ஆண்டில், சுவீடன் நாட்டில். தகுதியாட்டப் பிரிவில் இரண்டாமிடமே பெற்ற அவ்வணிக்கு, இசுரேலுடன் ஆட மறுத்து வேறு அணிகள் விலகிக் கொண்டமையால், குடவோலை முறையில் மற்றொரு வாய்ப்புக் கிடைத்தது. இரண்டு ஆட்டங்களிலும் இரண்டுக்குச் சுழியம் என வேல்சு வென்றது. அவற்றுள் இரண்டாம் ஆட்டம் 1958 பிப்பிரவரி 5ஆம் நாள் கார்டிபு நகரில் நடந்தது. அணியின் பயிற்றுநர் சிம்மி மர்பி, இங்கிலாந்தின் மான்செசுட்டர் அணிக்கும் துணைப் பயிற்றுநர். தம் நாட்டு அணியுடன் இருக்க வேண்டியிருந்தமையால் அவர் மான்செசுட்டர் அணியினருடன் வெளிநாடு செல்லவில்லை. மறுநாள் அவ்வணியினர் ஊர்ந்த வானூர்தி மியூனிக்கு நகரில் நொறுங்கி ஆட்டக்காரர் பலர் மாண்டனர். நாட்டுக் கடமை ஒருவர்தம் உயிரையும் காத்தது.

சுவீடனில் அங்கேரி, மெக்சிக்கோ, சுவீடன் ஆகிய மூன்று அணிகளுடனும் வேல்சு வெற்றிதோல்வியின்றி ஆடியது. பின்னர், முந்தைய உலகக் கோப்பையின் இறுதியாட்டம் வரை சென்றிருந்த அங்கேரியை மறு ஆட்டத்தில் இரண்டுக்கு ஒன்று என வென்று காலிறுதி புகுந்தது. அவ்வாட்டத்தில் கடுமையாக இடறிவீழ்த்தப்பட்ட சான் சார்லசு என்னும் பேராற்றலர் காலிறுதியில் ஆடவியலாது போனார். சூன் 19ஆம் நாள் பிரேசில் அணி ஒரே ஓர் இலக்கால் வேல்சை வென்றது. அவ்விலக்கை அடித்தவர் பெலே என்னும் பதினேழு அகவை இளைஞர். உலகக் கோப்பையில் அவர் அடித்த முதல் இலக்கும் அதுவே.

ஆடுகளத்தில் வேல்சு தலைநிமிர்ந்த அக்காலத்திலேயே அதன் மண்ணில் நிகழ்ந்தது வேறு. இங்கிலாந்தின் லிவர்பூல் நகருக்கு நீர் கொணரும் பொருட்டு, திரவெரின் பள்ளத்தாக்கில் அணைகட்ட 1957ஆம் ஆண்டில் இலண்டன் பாராளுமன்றம் சட்டம் இயற்றியது. வேல்சு நாட்டு உறுப்பினருள் ஒருவரும் அதற்கு இசைந்து வாக்களிக்கவில்லை. ஆயினும் சட்டம் நிறைவேறிற்று. வேல்சு மொழியே பேசி வாழ்ந்த காப்பெல் கெலின் என்னும் சிற்றூர், அதன் பள்ளி, வழிபாட்டு மனை, அஞ்சலகம், கழனிகள் ஆகியவற்றுடன் 1965ஆம் ஆண்டில் நீரில் மூழ்கியது. கால்பந்துக் களத்தில் தனிநாடு. தன் ஊரைக் காத்துக் கொள்ளும் உரிமையிலோ ஏதுமற்ற நாடு! ஆட்டப்புகழ் மட்டும் ஓர் இனத்தைக் காவாது என்பதை அந்நீர்ப்பரப்பு இன்றும் உணர்த்திக் கொண்டிருக்கின்றது.

அவ்வடுவினின்றே எழுச்சி பிறந்தது. 1962 பிப்பிரவரியில் சாண்டர்சு லூயிசு என்னும் எழுத்தாளர், மொழியின் ஊழ் பற்றி வானொலியில் ஆற்றிய உரை, இளைஞரைத் தட்டியெழுப்பியது. அவ்வாண்டே வேல்சு மொழிக் கழகம் தோன்றிற்று. ஆங்கிலம் மட்டும் எழுதப்பட்ட சாலைப் பலகைகளில் அவ்விளைஞர் சாயம் பூசினர்; ஒறுப்புத்தொகை கட்ட மறுத்துச் சிறை புகுந்தனர். அவர்களுள் ஒருவர் தாவித்து இவான் என்னும் பாடகர். 1970ஆம் ஆண்டில் அவர் சிறையிலிருந்தார். பிள்ளையின் கழுத்தில் பலகை கட்டியது ஒரு காலம். அப்பிள்ளையின் பெயரன்மார் சாலைப் பலகையில் தம் மொழியைக் கேட்டுச் சிறை சென்றது மற்றொரு காலம்.

அவ்வெழுச்சி ஆடுகளத்தையும் தொட்டது. 1977 மே 31ஆம் நாள் இலண்டன் வெம்பிளி அரங்கில் இங்கிலாந்தும் வேல்சும் ஆடின. ஆட்டத்தின் முன் இரு நாட்டுப் பண்களையும் இசைத்தல் வேண்டும் என்னும் வேல்சின் வேண்டுகோளை இங்கிலாந்துக் கழகம் ஏற்கவில்லை. அரசியைப் போற்றும் ஆங்கிலேயர் பண் முடிந்தது. இங்கிலாந்து அணியினர் களத்தில் பரவினர். வேல்சு அணியினரோ வரிசை கலையாது, இசைக்கப்படாத தம் நாட்டுப் பண்ணுக்காக அசையாது நின்றனர். ஒரு சொல்லும் பேசாது நின்ற அந்நிலை, ஆயிரம் சொற்பொழிவுகளுக்கு ஒப்பானது. அன்று ஓர் இலக்கால் வேல்சு வென்றது. வெம்பிளியில் இங்கிலாந்தை அவ்வணி வென்ற முதல் ஆட்டம் அதுவே.

எனினும் உணர்ச்சி என்றும் ஒருபடித்தாய் நிற்பதன்று. ஈராண்டுகள் கழித்து, 1979ஆம் ஆண்டில், தமக்கென ஒரு மன்றம் வேண்டுமா என்று வேல்சு மக்களிடமே வாக்குக் கேட்கப்பட்டபோது, வாக்களித்தவருள் ஐவரில் நால்வர் வேண்டாவென்றனர். வேல்சு மொழித் தொலைக்காட்சி அமைப்பதாகக் கூறிய இலண்டன் அரசும் சொல் தவறிற்று. அதனை எதிர்த்துக் குவின்வர் எவான்சு என்னும் முதுபெருந்தலைவர் சாகும்வரை உண்ணாநோன்பு மேற்கொள்வதாக 1980ஆம் ஆண்டில் அறிவித்தார். அரசு பணிந்தது. 1982 நவம்பர் 1ஆம் நாள் வேல்சு மொழித் தொலைக்காட்சி தொடங்கிற்று. நம்பிக்கையும் சோர்வும் மாறிமாறி வந்த அக்காலத்தில், 1983ஆம் ஆண்டில், தாவித்து இவான் ஒரு பாடல் இயற்றினார். உரோமப் படைத்தலைவன் ஒருவன் 383ஆம் ஆண்டில் வேல்சு மண்ணைவிட்டு நீங்கியது முதல் கடந்த 1600 ஆண்டுகளை நினைவிற்கொண்டு எழுந்த அப்பாடலுக்கு 'அம்ம ஓ ஈடு' என்று பெயர். 'இன்னும் இங்கே இருக்கின்றோம்' என்பது அதன் பொருள். சோர்ந்தவர்க்கு ஊக்கமூட்ட எழுந்த பாடல் அது. நாற்பதாண்டுகள் கழித்து அது கால்பந்துக் களத்தில் முழங்கும் என்று அன்று எவரும் எண்ணியிரார்.

1958க்குப் பின் வேல்சு அணி உலகக் கோப்பையின் வாயிலைப் பன்முறை தட்டியும் புக இயலவில்லை. 1993 நவம்பரில் உருமேனியாவை வென்றால் உள்ளே செல்லலாம் என்னும் நிலை. இரு அணிகளும் ஒப்ப நின்றபோது வேல்சுக்கு ஓர் ஒறுப்புதை கிடைத்தது. உதைத்த பந்து இலக்கின் மேற்கட்டையில் மோதித் திரும்பிற்று. ஆட்டமும் கைவிட்டுப் போயிற்று. 2011 ஆகத்தில் அவ்வணி உலகத் தரவரிசையில் 117ஆம் இடத்திற்குத் தாழ்ந்தது.

அந்நிலையில் பொறுப்பேற்றிருந்த இளம் பயிற்றுநர் கேரி சுபீடு, உடற்பயிற்சி, ஊண்முறை, ஆட்டமுறை ஆகியவற்றைத் திருத்தியதோடு நில்லாது, அணியினர் அனைவரும் நாட்டுப் பண்ணைக் கற்றுப் பாடுதல் வேண்டும் என்றும் வலியுறுத்தினார். வேல்சு நாட்டுப் பண் 1856ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. வேல்சு மொழியிலேயே அமைந்தது. அணியினருள் பலர் இங்கிலாந்தில் பிறந்து வளர்ந்தவர், அம்மொழி அறியாதவர். ஆயினும் கற்றனர். பாடிய வாயும் ஆடிய காலும் ஒன்றுபட்டன. கேரி சுபீடு 2011 நவம்பரில் மறைந்தார். அவர் இட்ட வித்தை அவர்க்குப் பின் வந்த கிறிசு கோல்மன் வளர்த்தார். 2016ஆம் ஆண்டு ஐரோப்பியக் கோப்பைப் போட்டியில் வேல்சு, பெல்சியத்தை மூன்றுக்கு ஒன்று என வென்று அரையிறுதி வரை சென்றது. பண்ணால் மட்டும் பந்து இலக்கை அடையாது என்பது உண்மையே. ஆயினும் தாம் யாருக்காக ஆடுகின்றோம் என்பதை அறிந்த அணியும் அறியாத அணியும் ஒன்றல்ல.

2022 மார்ச்சு 24ஆம் நாள். கார்டிபு நகரில் ஆத்திரியாவுடன் ஆட்டம். களத்தின் நடுவே 78 அகவை முதியவர் ஒருவர் நின்று 'அம்ம ஓ ஈடு' பாடினார். அவரே தாவித்து இவான். மொழியின் பொருட்டு ஒருகால் சிறை சென்றவரை நாட்டு அணி மதிப்புடன் அழைத்துக் களநடுவே நிறுத்தியது. 'செம்மதில்' என்று தம்மைக் கூறிக்கொள்ளும் அணி ஆர்வலர், செவ்வுடை அணிந்து மதில் போல் எழுந்து நின்று உடன் பாடினர். கேரத்து பேல் அடித்த இரண்டு இலக்குகளால் வேல்சு வென்றது. சூன் 5ஆம் நாள் கொட்டும் மழையில் உக்ரைனுடன் இறுதித் தகுதியாட்டம். உருசியப் படையெடுப்பால் தன் நாடே போர்க்களமாகியிருந்த நிலையில் ஆட வந்த அணி அது. அதன் மறம் எவர் போற்றுதற்கும் உரியது. 34ஆம் மணித்துளியில் பேல் உதைத்த பந்து எதிரணியார் ஒருவர் தலையில் பட்டு இலக்கினுள் புகுந்தது. அவ்வொன்றே வெற்றியாயிற்று. ஆட்டம் முடிந்தபின் அணியினர் அம்முதியவரைச் சூழ்ந்து நின்று அப்பாடலையே பாடினர். உலகக் கோப்பைக்குரிய அணிப்பாடலாக அதனையே கழகமும் ஏற்றுக் கொண்டது.

64 ஆண்டுகளுக்குப் பின் வேல்சு உலகக் கோப்பையில் இறங்கிற்று. நவம்பர் 21ஆம் நாள் அமெரிக்கா முதலில் ஓர் இலக்கு அடித்தது. 82ஆம் மணித்துளியில் பேல் ஒறுப்புதை வாயிலாக அதனை ஈடு செய்தார். 1958க்குப் பின் உலகக் கோப்பையில் வேல்சு அடித்த முதல் இலக்கு அது. கத்தாரில் அவ்வணி அடித்த ஒரே இலக்கும் அதுவே. நவம்பர் 25ஆம் நாள் ஈரானுடன் ஆடுகையில் இலக்குக் காவலர் வெய்ன் எனெசி சிவப்பட்டை பெற்று வெளியேறினார். குறித்த நேரம் கடந்தபின் ஈரான் அடுத்தடுத்து இரண்டு இலக்குகள் அடித்து வென்றது. நவம்பர் 29ஆம் நாள் இங்கிலாந்து மூன்றுக்குச் சுழியம் என வேல்சை வீழ்த்தியது. நான்கு அணிகள் கொண்ட பிரிவில் வேல்சு கடைசி. மூத்த ஆட்டக்காரரின் கால்கள் தளர்ந்திருந்தன. எதிரணிகளின் விரைவிற்கு ஈடு கொடுக்கவியலவில்லை. இதனை மறைத்தல் வேண்டா. தோல்வியைத் தோல்வி என்றே கூறுதல் நேர்மை.

ஆயினும் அக்களங்களில் வேல்சு மொழி ஒலித்தது. அவ்வாட்டங்களை வேல்சு மொழித் தொலைக்காட்சி அம்மொழி வருணனையுடனேயே ஒளிபரப்பியது. கால்பந்தாட்டத்தை அவர்கள் 'பெல்-திரொய்டு' என்பர். பெல் என்பது பந்து. திரொய்டு என்பது கால். அயன்மொழிப் பெயரை அப்படியே நாவில் ஏற்றாது, தம் மொழியில் வழங்கும் சொற்களாலேயே பெயரிட்டு, அப்பெயராலேயே உலகப் பெருவிளையாட்டைக் கண்டு பேசவும் எழுதவும் இயலும் என்பதை அவர் மெய்ப்பித்தனர். சிறுமொழி இத்தகைய புதுப்பொருள்களைத் தாங்காது என்பார்க்கு இதனினும் வேறு விடை வேண்டுவதில்லை.

இங்குதான் வரலாறு ஒரு கொடிய நகை நகைத்தது. இங்கிலாந்திடம் தோற்ற நாளினின்று சரியாக ஒரு கிழமை கழித்து, 2022 திசம்பர் 6ஆம் நாள், முந்தைய ஆண்டு எடுத்த மக்கள் கணக்கெடுப்பின் மொழிப்பகுதி வெளியாயிற்று. வேல்சில் மூன்று அகவையும் அதற்கு மேலும் உள்ளாருள் அம்மொழி பேசவல்லார் 5,38,000 பேர், நூற்றுக்கு 17.8 பேர். 1911ஆம் ஆண்டில் 9,77,000 பேர், நூற்றுக்கு 43.5 பேர் பேசிய மொழி அது. 2001இல் நூற்றுக்கு 20.8 ஆகச் சற்றே உயர்ந்து நம்பிக்கையூட்டியது. 2011இல் 19 ஆகி, 2021இல் அதனினும் தாழ்ந்தது. கணக்கெடுப்புகளுள் இதுவே மிகக் குறைந்த விழுக்காடு. அதனினும் கொடியது பிள்ளைகளின் கணக்கு. ஐந்து முதல் பதினைந்து அகவை வரை உள்ளாருள் அம்மொழி பேசுவோர் பத்தாண்டுகளில் நூற்றுக்கு 40.3இலிருந்து 34.3 ஆகக் குறைந்தனர்.

'இன்னும் இங்கே இருக்கின்றோம்' என்று பல்லாயிரவர் பாடினர். 'எத்துணைப் பேர் இருக்கின்றீர்கள்?' என்று கணக்கேடு திருப்பிக் கேட்டது. களத்தில் மூன்றுக்குச் சுழியம் எனத் தோற்றது தோல்வியன்று. அடுத்த ஆண்டு அதனை மாற்றி ஆடலாம். வீட்டில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் மொழி இழந்தால் அதற்கு மறு ஆட்டம் இல்லை. முன்னது தோற்ற ஆட்டம். பின்னது தோற்கவே கூடாத ஆட்டம்.

கணக்கெடுப்பிற்கு முன்னர்ப் பெருந்தொற்றால் பள்ளிகள் நெடுநாள் மூடப்பட்டுக் கிடந்தன. ஆகவே பிள்ளைகளின் மொழியறிவைப் பெற்றோர் குறைத்து மதிப்பிட்டனர் என்று கூறுவோரும் உளர். அஃது உண்மையாயின், அச்சம் குறைவதற்கு மாறாகக் கூடவே வேண்டும். பள்ளிக் கதவு அடைபட்டவுடன் தானும் அடைபட்டுப் போகும் மொழி, வீட்டில் வாழும் மொழி ஆகாது. பள்ளி மொழியைக் கற்பிக்கலாம். தாயின் மடியும் தந்தையின் தோளும் தெருவின் விளையாட்டுமே அதனை உயிரோடு வைத்திருப்பன. 2011ஆம் ஆண்டுச் சட்டம் அம்மொழிக்கு ஆட்சிமொழித் தகுதி அளித்தது. 2050ஆம் ஆண்டிற்குள் பத்து இலக்கம் பேரை அம்மொழி பேசச் செய்வதெனக் கார்டிபு அரசு 2017ஆம் ஆண்டில் திட்டமும் வகுத்தது. சட்டம் வேண்டும், திட்டமும் வேண்டும். ஆயின் சட்டம் அடுக்களைக்குள் வந்து பேசாது. திட்டம் குழந்தைக்குத் தாலாட்டுப் பாடாது.

அவ்வாறாயின் அரங்கில் பாடியது வீணோ என்று கேட்கலாம். வீணன்று. பாடியவருட் பெரும்பாலார் அம்மொழி பேசத் தெரியாதவர். ஒரு காலத்தில் அவர்தம் முன்னோர் அம்மொழி பேச வெட்கினர். இன்று இவர்கள் அதனைப் பேசத் தெரியாமைக்கு வெட்குகின்றனர். வெட்கத்தின் இடம் மாறியதே பெரும் மாற்றம். கத்தார் சென்ற அணியிலும் ஆரன் இராம்சே, பென் தேவிசு, சோ ஆலன் போன்றோர் அம்மொழியில் செய்தியாளர்க்கு விடைதரவல்லவர். அவர்களைப் பார்த்து வளரும் சிறுவன், தாய்மொழி பாட்டியின் மொழி மட்டுமன்று, தன் தலைவன் மொழியும் ஆகும் என அறிவான். ஆயின் பாடல் ஒரு வாயில். வாயிலிலேயே நின்று கைதட்டிவிட்டுத் திரும்புவோர் வீட்டினுள் புகுந்தவர் ஆகார். உணர்ச்சி விழாநாளுக்கு உரியது. மொழி எல்லா நாளுக்கும் உரியது.

எல்லா நாளும் எவ்வாறு உழைப்பது என்பதற்கு அந்நாட்டிலேயே விடையுண்டு. பலகை சுமந்த சிறுவர் ஓவன் எட்வர்ட்சின் மகன் இவான் எட்வர்ட்சு, 1922ஆம் ஆண்டில் 'கும்ரியின் நம்பிக்கைக் குழாம்' என்னும் பொருள்தரும் பெயருடன் சிறார் இயக்கம் ஒன்றைத் தொடங்கினார். பாட்டும் கூத்தும் விளையாட்டும் வேல்சு மொழியிலேயே நிகழ வேண்டும் என்பது அவ்வியக்கத்தின் நோக்கம். நூறாண்டு கடந்தும் அஃது இன்றும் பணியாற்றுகின்றது. 1939ஆம் ஆண்டில் அவரே ஆபெரிசுத்துவித்து என்னும் ஊரில் வேல்சு மொழிவழித் தொடக்கப்பள்ளி ஒன்றை நிறுவினார். அன்று அதில் பயின்ற பிள்ளைகள் எழுவர். கற்பித்த ஆசிரியை நோரா ஐசக்கு ஒருவர். அவ்வெழுவரைக் கண்டு நகைத்தவர் இருந்திருப்பர். அவ்வேழினின்றே இன்றைய வேல்சு மொழிவழிப் பள்ளிகள் பலவாய்ப் பெருகின. இவான் எட்வர்ட்சின் மகனும், பாட்டன் பெயரையே தாங்கியவருமான ஓவன் எட்வர்ட்சே, உண்ணாநோன்பு அறிவிப்பால் கிடைத்த வேல்சு மொழித் தொலைக்காட்சிக்கு முதல் தலைமைப் பொறுப்பாளர் ஆனார். பாட்டன் கழுத்தில் பலகை. மகன் கையில் பள்ளி. பெயரன் பொறுப்பில் தொலைக்காட்சி. ஒருவர் காலினின்று ஒருவர் காலுக்குப் பந்து மாறுவதுபோல் ஒரு குடும்பத்தில் மூன்று தலைமுறை மொழிப்பணி கைமாறி வந்தது. அவருள் எவரும் இலக்கு அடிக்கும் நொடிக்காகக் காத்திருக்கவில்லை. பந்தை அடுத்தவர்க்குச் சேர்ப்பதையே கடமையாகக் கொண்டனர்.

வேல்சு கால்பந்துக் கழகத்தின் கொள்கையுரையும் அதுவே: கூடி ஆடும் ஆட்டமே சிறந்த ஆட்டம் என்பது அதன் பொருள். கேரத்து பேல் 41 இலக்குகள் அடித்துவிட்டு 2023 சனவரியில் ஓய்வு பெற்றார். ஒரு பேராற்றலர் ஓய்ந்தால் அணி மற்றொருவரைத் தேடலாம். மொழிக்கு அத்தகைய தனியொரு மறவர் என்றும் போதார். அதனை ஆட வேண்டியவர் பதினொருவர் அல்லர். ஒவ்வொரு வீட்டிலும் உள்ள ஒவ்வொருவரும் ஆவர்.

தம் மொழியைத் தம் மண்ணில் நிலைநிறுத்த விழையும் எவ்வினத்தார்க்கும் கத்தார் களமும் அதன்பின் வந்த கணக்கேடும் சேர்ந்தே பாடம் கூறுகின்றன. முழக்கம் வேண்டும், அது துயின்றாரை எழுப்பும். எழுந்தவர் செய்யவேண்டிய பணி வேறு. குழந்தையை எம்மொழியில் அழைப்பது, கணக்கை எம்மொழியில் எழுதுவது, கடையில் எம்மொழியில் கேட்பது, பந்தைத் துரத்தி ஓடும் சிறுவன் தன் தோழனை எம்மொழியில் கூவுவது என்பனவே அம்மொழியின் ஆட்டக்களங்கள். அங்கு அரங்கு இல்லை, கொடி இல்லை, கைதட்டும் இல்லை. ஆயினும் வெற்றியும் தோல்வியும் அங்குதான் முடிவாகின்றன.

கார்டிபு அரங்கில் மழையில் நனைந்தபடி அம்முதியவரோடு பாடிய தந்தை, அன்றிரவு வீடு திரும்பித் தன் பிள்ளைக்கு அப்பாடலின் ஒரு சொல்லுக்கேனும் பொருள் கூறியிருப்பானாயின், வேல்சு அன்று இரண்டு ஆட்டங்களில் வென்றது. கூறாது உறங்கியிருப்பானாயின், ஒன்றில் மட்டுமே வென்றது.